ரியாக்‌ஷன் வீல் ரோபோ: பத்து விநாடி ஜோரா நிக்குது, அப்புறம் சக்கரம் வெறி பிடிச்ச மாதிரி ஓடி சாஞ்சிடுது

காட்பாடி_கதிர்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரே அச்சுல நிக்கிற ரியாக்‌ஷன் வீல் ரோபோ ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கேன். கனசதுரம் எல்லாம் இல்லை, இப்போதைக்கு வெறும் குச்சிதான். அடியில அலுமினியம் ஆங்கிளைக் கவுத்துப் போட்டு அதோட விளிம்புல நிக்க வச்சிருக்கேன். அதனால இடமும் வலமுமா மட்டும்தான் சாயும். மேலே மோட்டார், மோட்டார்ல சக்கரம்.

மொத்த எடை 600 கிராம். எடை மையம் தரையிலிருந்து 8 செ.மீ. சக்கரம் 3டி பிரிண்ட், விளிம்பைச் சுத்தி எம்6 போல்ட்டும் நட்டும். விளிம்புல மட்டும் 120 கிராம் வரும், நடுவிலிருந்து 45 மி.மீ. தூரத்துல. மோட்டார் 12 வோல்ட் பிரஷ்லெஸ், டிரைவரும் என்கோடரும் (சக்கர வேகத்தை அளக்கிறது) உள்ளேயே இருக்கு. சக்கரத்தோட சேர்த்து 3000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 3000 சுத்து) வரைக்கும் போகுது. மூளைக்கு இஎஸ்பி32 போர்டு, சாய்வை அளக்க எம்பியு6050 சென்சார் (கைரோவும் முடுக்கமானியும் சேர்ந்தது), 3எஸ் லைப்போ பேட்டரி. கோணத்துக்கு அந்த ரெண்டையும் கலக்கிற காம்ப்ளிமென்டரி ஃபில்டர், கண்ட்ரோலுக்கு பிடி (கோணத்தையும் அது மாறுற வேகத்தையும் வச்சு மோட்டாரை முறுக்குறது) மட்டும்.

கையால நேரா பிடிச்சு விட்டா நிக்குது. லேசா தட்டினாக்கூட சமாளிக்குது. ஆனா சக்கரம் ஒரே பக்கமா கொஞ்சம் கொஞ்சமா வேகம் எடுக்குது. சத்தம் ஏறிக்கிட்டே போய், எட்டு பத்து விநாடியில உச்சத்துக்கு வந்ததும் தொப்புனு விழுது. எப்பவும் அதே பக்கம்தான். கெயினை (அதுல பெருக்குற எண்களை) ஏத்தினா உதறுது. ஐ (கோணப் பிழையைக் கூட்டிக்கிட்டே வர்ற உறுப்பு) சேர்த்தா இன்னும் சீக்கிரம் விழுது. எங்க கோளாறு?

ஆரணி_நெசவு:
குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். சக்கரம் தரையிலேயே படலைன்னா அது எப்படி ரோபோவைத் தாங்கும்? பம்பரம் சுத்தும்போது நிக்கிற மாதிரியா?

சத்துவாச்சாரி_டீச்சர்:
நல்ல கேள்வி. நிறைய பேர் மனசுல இருக்கிற குழப்பமும் இதுதான். பம்பரக் கணக்கு இங்கே வராது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது ரோபோவுக்கு ஒரு பொருட்டே இல்லை. வேகம் மாறுகிறதா என்பதுதான் பொருட்டு. மோட்டார் சக்கரத்தை வலம்புரியாக முறுக்கினால், அதே அளவு முறுக்கு மோட்டாரின் உடம்பில் இடம்புரியாக விழும். உடம்பு குச்சியோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது, அதனால் குச்சி திரும்புகிறது. சக்கரம் 3000 ஆர்பிஎம்மில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தால் குச்சிக்கு ஒரு பைசா உதவி கிடையாது.

கதிர், உங்கள் பதில் இதிலேயே இருக்கிறது. உச்ச வேகத்துக்கு வந்த பிறகு வேகத்தை மாற்ற இடமில்லை. அதனால்தான் விழுகிறது. உச்சம் வரை ஏன் போகிறது என்பதுதான் மிச்சம்.

கணக்குப் போடுவோம். 0.6 கிலோ, 9.81, 0.08 மீட்டர், மூன்றையும் பெருக்கினால் 0.47. குச்சி ஒரு டிகிரி சாய்ந்து நின்றால் புவியீர்ப்பு அதைச் சாய்க்கும் முறுக்கு சுமார் 0.0082 நியூட்டன் மீட்டர். உங்கள் சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் 0.12 பெருக்கல் 0.045 வர்க்கம், அதாவது 0.00024. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விநாடிக்கு 34 ரேடியன்/விநாடி. ஆர்பிஎம்மில் சொன்னால், ஒவ்வொரு விநாடியும் 330 ஆர்பிஎம் ஏறும். 3000ஐ எட்ட ஒன்பது விநாடி.

நீங்கள் சொன்ன எட்டு, பத்து விநாடி! ஆக, உங்கள் ரோபோ பூஜ்யம் என்று நினைக்கும் இடம் உண்மையான சமநிலையிலிருந்து ஏறக்குறைய ஒரு டிகிரி தள்ளி இருக்கிறது. அந்தப் பொய்யான நேர்நிலையைப் பிடித்து வைக்க அது ஓயாமல் சக்கரத்தை முடுக்கிக்கொண்டே இருக்கிறது. எப்போதும் ஒரே பக்கம் விழுவதும் அதனால்தான்.

விஷாரம்_ரஃபி:
மேடம் சொல்றது கரெக்ட். ஒரு டிகிரி ஒண்ணும் பெரிய விஷயமில்லை. எம்பியு போர்டு 20 மி.மீ. அகலம்னு வைங்க, ஒரு பக்கம் 0.35 மி.மீ. தூக்கியிருந்தாலே ஒரு டிகிரி ஆச்சு. டபுள் சைடு ஃபோம் டேப்புல ஒட்டியிருந்தா டேப்போட கனமே அதைவிட ஜாஸ்தி. கதிர், டேப்புலதானே ஒட்டியிருக்கீங்க?

இன்னொண்ணு. காம்ப்ளிமென்டரி ஃபில்டர்ல 0.996 மாதிரி பெரிய எண் போட்டிருக்கீங்களா? 5 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை கணக்குப் போடுற லூப்ல அது ஒண்ணேகால் விநாடி நினைவு வச்சிருக்கும். கைரோவோட பூஜ்யம் விநாடிக்கு ஒரு டிகிரி நகர்ந்திருந்தா கோணம் ஒண்ணேகால் டிகிரி பொய் சொல்லும். எம்பியு6050ல சூடு ஏற ஏற பூஜ்யம் நகரும். நம்ம ஊர் மே மாசத்துல காலையில கேலிபரேட் பண்ணி மத்தியானம் ஓட்டினா அது வேற ரோபோ. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஆடாம வச்சு கைரோ சராசரி எடுங்க. 0.98 போட்டா அதே பிழை கால் டிகிரிக்குள்ள அடங்கிடும், ஆனா மோட்டார் அதிர்வு உள்ளே வரும். ஒண்ணைக் கொடுத்துத்தான் ஒண்ணை வாங்கணும்.

காட்பாடி_கதிர்:
ஆமா பாய், ஃபோம் டேப்தான். 0.996ம் சரி. அப்போ அந்த ஒரு டிகிரி ஆஃப்செட்டை சரியா கண்டுபிடிச்சு கழிச்சுட்டா போதுமா?

சத்துவாச்சாரி_டீச்சர்:
போதாது. நூறில் ஒரு டிகிரி வரை சரி செய்தாலும் மிச்சப் பிழை சக்கரத்தில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். ஒன்பது விநாடியில் விழுவது பதினைந்து நிமிஷத்தில் விழும், அவ்வளவுதான். அதோடு யாராவது லேசாக ஊதினாலும் அந்தத் தள்ளல் சக்கர வேகமாக அப்படியே தங்கிவிடும். உங்கள் கண்ட்ரோலுக்குக் கோணம் தெரியும், கோணத்தின் வேகம் தெரியும், சக்கரத்தின் வேகம் மட்டும் தெரியாது. அதுதான் குறை. மூன்றாவது உறுப்பு வேண்டும்: கே1 பெருக்கல் கோணம், கே2 பெருக்கல் கைரோ, கே3 பெருக்கல் சக்கர வேகம். மூன்றையும் கூட்டி மோட்டாருக்கு.

கே3க்கு என்ன குறி போடுவீர்கள்? யோசித்துவிட்டு எழுதுங்கள்.

காட்பாடி_கதிர்:
மைனஸ்தானே மேடம்? சக்கரம் வலது பக்கம் வேகமா ஓடினா இடது பக்கம் இழுத்து மெதுவாக்கணும்.

சத்துவாச்சாரி_டீச்சர்:
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பிளஸ்.

விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்திக்கொண்டு வலப்பக்கம் நடக்கப் பாருங்கள். கை முதலில் கொஞ்சம் இடப்பக்கம் போகும், விளக்குமாறு வலப்பக்கம் சாயும், அதற்குப் பிறகுதான் அதைத் துரத்திக்கொண்டு வலப்பக்கம் நடக்க முடியும். இங்கேயும் அதே கதை. ஓடுகிற சக்கரத்தைச் சும்மா பிரேக் போட்டால் அந்த முறுக்கு முழுக்கக் குச்சியில் விழும், குச்சி சாய்ந்துவிடும். அதனால் முதலில் சக்கரத்தை அது ஓடுகிற பக்கமே இன்னும் கொஞ்சம் முடுக்க வேண்டும். குச்சி எதிர்ப்பக்கம் ஒரு துளி சாயும். இப்போது குச்சி விழாமல் காப்பாற்ற கே1 தானாகவே சக்கரத்தை மெதுவாக்கும். சக்கரத்தில் சேர்ந்த வேகத்தைப் புவியீர்ப்பே கறந்து எடுத்துக்கொள்ளும்.

மைனஸ் போட்டால் என்ன ஆகும் என்று வாயால் சொல்வதைவிட, கீழே துணி விரித்துவிட்டு ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

ராணிப்பேட்டை_டர்னர்:
இன்னா தம்பி, எல்லாரும் கணக்காவே பேசறீங்கோ, சக்கரத்த யாரும் பாக்கலியே. நட்டு போல்ட்டு மாட்ன பிளாஸ்டிக் சக்கரம் 3000ல ஓட்ரியே, அத்த பேலன்ஸ் பண்ணியா?

கணக்கு எனக்கும் கொஞ்சம் வரும். ஒரு பக்கம் ஒரே ஒரு கிராம் ஜாஸ்தி கீதுன்னு வச்சிக்கோ. 45 மி.மீ.ல, 3000 ஆர்பிஎம்ல அது இழுக்கற இழுப்பு 4.4 நியூட்டன், அரை கிலோ கிட்ட. உன் ரோபோவே 600 கிராம்! விநாடிக்கு அம்பது தடவ அரை கிலோ சுத்தியல அடிச்சா உன் சென்சார் எத்த நேருன்னு நினைக்கும்?

சக்கரத்த கழட்டு. ஓட்டையில நேரான ஸ்டீல் ராடு ஒண்ணு சொருவு. ரெண்டு ஹேக்ஸா பிளேடு எடுத்து, பல்லு கீழ, முதுகு மேல வச்சி மட்டமா நிக்கவை. லெவல் பாத்துக்கோ. ராடை அது மேல வையி. கனமான பக்கம் தானா உருண்டு கீழ வந்து நிக்கும். அதுக்கு நேர் எதிர மேல ஒரு வாஷர் போடு. திரும்பி உருட்டு. எங்க வுட்டாலும் அங்கயே நிக்கற வரிக்கும் பண்ணு. ஒரே டப்பாவுல வாங்கன போல்ட்டுன்னாலும் வெய்ட்டு ஒண்ணா இருக்காது, நட்டுல சொல்லவே வாணாம்.

நட்டு சாதா நட்டா, நைலாக்கா (உள்ள நைலான் வளையம் வச்ச, அதிர்வுல கழலாத நட்டு)? 10 கிராம் போல்ட்டு ஒண்ண அந்த வேகத்துல நாலரை கிலோ வெளிய இழுக்குது. சாதா நட்டு அதிர்வுல கழண்டா நேரா கண்ணுக்கு. மூடி போடாம ஓட்டாத.

விஷாரம்_ரஃபி:
அண்ணன் சொன்ன அதிர்வுக்கு நிறைய பேர் ஃபில்டரை இறக்கிப் பாப்பாங்க, அது வேலைக்கு ஆகாது. 3000 ஆர்பிஎம்னா 50 ஹெர்ட்ஸ். எம்பியு6050 உள்ளே இருக்கிற ஃபில்டரை 42ல வச்சா 50ஐ பாதிதான் தடுக்கும். 10க்கு இறக்கினா அதிர்வு போயிடும், ஆனா கைரோ 13 மில்லிவிநாடி தாமதமா சொல்லும். கதிர் சைஸ் குச்சி பத்துல ஒரு விநாடியில சாய்வை ரெண்டரை மடங்கு ஆக்கிடும். அதுல 13ஐ இழந்தா கெயின் ஏத்தும்போது உதறும். உதறலுக்கு மருந்து பிளேடு மேலதான், கோட்ல இல்லை.

ஆம்பூர்_சோல்:
கீழே விளிம்பு அலுமினியம், தரை டைல்ஸா? அப்போ வழுக்கும். முறுக்கு விழும்போது விளிம்பு அரை மில்லி நகர்ந்தாலும் சென்சார் அதைச் சாய்வுன்னு எடுத்துக்கும். எங்க பக்கம் ஷூ கம்பெனி வேஸ்ட்ல சோல் ரப்பர் துண்டு கிடைக்கும், 2 மி.மீ. கனம். அதைத் தரையில போட்டு அது மேல நிக்க வைங்க. ரோபோவுல ஒட்டாதீங்க, விளிம்பு மழுங்கி எடை மையம் நகர்ந்துக்கிட்டே இருக்கும். கடினமான சோலா பாத்து எடுங்க. ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிற இன்சோல் ஷீட் வேண்டாம், அதுல ரோபோ மிதக்கும்.

காட்பாடி_கதிர்:
எல்லாத்தையும் பண்ணிட்டு வர்றேன். சென்சாரை எங்க வைக்கலாம்னும் சொல்லுங்க, இப்போ மேலே மோட்டார் பக்கத்துல இருக்கு.

சத்துவாச்சாரி_டீச்சர்:
கீழே இறக்குங்கள், விளிம்புக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மேலே இருந்தால் குச்சி ஆடும் ஆட்டமே முடுக்கமாகப் பதிவாகி, புவியீர்ப்போடு கலந்து கோணத்தைக் குழப்பும். அச்சுக்குப் பக்கத்தில் அந்த ஆட்டம் சிறியது.

காட்பாடி_கதிர்:
நிக்குது!

பிளேடு மேல உருட்டினப்போ ஒரு இடம் அடம் பிடிச்சு கீழேயே வந்துக்கிட்டு இருந்துச்சு, எதிர்ப்பக்கம் மூணு வாஷர் போட்டதுக்கு அப்புறம்தான் அடங்குச்சு. சத்தமே மாறிடுச்சு, முன்னாடி தகரத்தைத் தட்டுற மாதிரி இருந்தது இப்போ வெறும் காத்து சத்தம்தான். சென்சாரை கீழே ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டேன். கே3 பிளஸ்.

மேடம் சொன்னதை சீரியல் பிளாட்டர்ல (ரோபோ அனுப்புற எண்களை கம்ப்யூட்டர்ல கோடா வரையறது) கண்ணால பாத்தேன். விரலால லேசா தள்ளினா சக்கர வேகக் கோடு குதிக்குது, அப்புறம் இன்னும் கொஞ்சம் ஏறுது, கோணக்கோடு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன வயிறு போடுது, அதுக்கப்புறம் வேகம் சரியுது. ஆனா பூஜ்யத்துக்கு வரலை. 700 ஆர்பிஎம் பக்கத்துல ஒரே சீரா ஓடிக்கிட்டே இருக்கு. விழலை.

சத்துவாச்சாரி_டீச்சர்:
அந்த 700தான் உங்கள் மிச்ச ஆஃப்செட். கே1 பெருக்கல் பிழையும் கே3 பெருக்கல் வேகமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் இடத்தில் சக்கரம் தங்கிவிட்டது. இப்போது சக்கர வேகத்தை மிக மெதுவாகக் கூட்டி வந்து, அதைக் கோணத்தின் பூஜ்யத்திலிருந்து சரிக்கட்டுங்கள். சில விநாடிகளில் ரோபோ தன் சமநிலையைத் தானே கண்டுபிடிக்கும். பேட்டரியை வேறு இடத்தில் மாட்டினாலும் கேலிபரேட் செய்ய வேண்டியதில்லை. முன்பு ஐ சேர்த்து விழுந்தது கோணப் பிழையைக் கூட்டியதால். கூட்ட வேண்டியது சக்கர வேகத்தை.

விஷாரம்_ரஃபி:
பூஜ்யத்துக்கு கொண்டு வந்ததும் இன்னொரு தலைவலி வரும், இப்பவே சொல்லிடறேன். சக்கரம் நிக்கிற இடத்துல மோட்டாருக்கு ஒரு செத்த இடம் உண்டு. பிடபிள்யூஎம் (மோட்டாருக்குக் கொடுக்கிற பவர் அளவு) கொஞ்சம் கொடுத்தா நகராது, உராய்வைத் தாண்டின பிறகுதான் நகரும். அந்த இடைவெளியில ரோபோ இடம் வலமா தாலாட்டு ஆடும். எந்த பிடபிள்யூஎம்ல சக்கரம் நகர ஆரம்பிக்குதுன்னு ரெண்டு பக்கமும் பாத்து அந்த அளவை சேர்த்துக் கொடுங்க. இல்லைன்னா சக்கரத்தை பூஜ்யத்துக்கு பதிலா 300 ஆர்பிஎம்ல ஓடச் சொல்லுங்க, செத்த இடத்தைத் தாண்டவே வேண்டாம். ரொம்ப ஏத்தாதீங்க. உச்சம் 3000ன்னா, 2000ல ஓடும்போது அதே பக்கம் தள்ள மூணுல ஒரு பங்கு பலம்தான் மிச்சம் இருக்கும்.

லூப் 500 ஹெர்ட்ஸுக்கு ஏத்தினா சீரியல் பிரிண்ட்டை (கம்ப்யூட்டருக்கு எண் அனுப்புறதை) குறைங்க. 115200ல விநாடிக்கு 11,520 எழுத்துதான் போகும். 40 எழுத்து வரியை 500 தடவை அனுப்பினா 20,000. லூப் அங்கேயே மாட்டிக்கும்.

ஆலங்காயம்_வானம்:
நான் ரோபோ ஆள் இல்லை, வானம் பாக்கிற ஆள். மேடம் புவியீர்ப்பு கறந்து எடுத்துக்கும்னு சொன்னது பிடிச்சிருந்தது. எங்க பக்கத்துல காவலூர்ல இருக்கிற 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைத் திருப்பணும்னா உதைக்கத் தரை இருக்கு. விண்வெளியில நாசாவோட கெப்ளர் தொலைநோக்கிக்கு உதைக்க எதுவுமே இல்லை, அது திரும்பினது இதே ரியாக்‌ஷன் வீலாலதான். நாலு சக்கரத்தோட 2009ல போச்சு. 2012 ஜூலையில ஒண்ணு, 2013 மே மாசம் இன்னொண்ணு போயிடுச்சு. மூணு இருந்தாத்தான் துல்லியமா குறி வைக்க முடியும். மிச்ச ரெண்டை வச்சுக்கிட்டு, சூரிய ஒளியோட அழுத்தமே ஒரு பக்கம் முட்டுக் கொடுக்கிற மாதிரி நிறுத்தி 2014லேருந்து கே2ங்கிற புதுப் பேர்ல வேலையைத் தொடர்ந்தாங்க. அங்கே சக்கரத்துல சேர்ற வேகத்தைக் கறக்கப் புவியீர்ப்பு வராது, சின்ன ராக்கெட்டை ஊதித்தான் இறக்கணும். பூமிக்குப் பக்கத்துல சுத்துற செயற்கைக்கோளா இருந்தா காந்தச் சுருளால பூமியோட காந்தப்புலத்தைப் பிடிச்சு இறக்கலாம். நம்ம இஸ்ரோவுக்கு இந்தச் சக்கரங்கள் திருவனந்தபுரத்துல இருக்கிற அவங்களோட இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட்ல உருவாகுது.

ஆரணி_நெசவு:
கதிர் தம்பி, கனசதுரம் ஒரே மூலையில நிக்கிற வீடியோ ஒண்ணு பாத்திருக்கேன். அதுவும் இதுதானா?

காட்பாடி_கதிர்:
ஆமாண்ணா, க்யூப்ளி. சுவிட்சர்லாந்துல இருக்கிற சூரிக் இடிஎச் பல்கலைக்கழகத்துல செஞ்சது, 15 செ.மீ. பக்கம், உள்ளே மூணு சக்கரம். 2012ல ஐரோஸ் ரோபோ மாநாட்டுல வந்த அதோட கட்டுரையில முதல் பெயர் மோகனராஜா கஜமோகன், இலங்கையில பொறந்தவர். பின்னாடி ஜப்பான்ல ரபியூட்டா ரோபாட்டிக்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர். அந்தப் பெயரைப் பாத்துத்தான் நான் இதுக்குள்ள இறங்கினேன். அது படுத்துக் கிடந்து தானா எழுந்து நிக்கும். சக்கரத்தை ஓட்டி திடீர்னு பிரேக் போடுவாங்க, சேர்ந்த வேகம் முழுக்க உடம்புக்குப் போய் எகிறும். என் குச்சியையும் அப்படி எழுப்பணும்னு ஆசை. 45 டிகிரியில சாஞ்சு கிடக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் கால் வச்சிருக்கேன்.

சத்துவாச்சாரி_டீச்சர்:
முடியும். குச்சி 45லிருந்து நேராக எழ சுமார் 0.14 ஜூல் வேண்டும். விளிம்பைச் சுற்றி உங்கள் குச்சியின் நிலைமத் திருப்புத்திறன் 0.005 என்று வைத்தால், எழும் கணத்தில் விநாடிக்கு ஏழரை ரேடியன் வேகம் வேண்டும். உங்கள் சக்கரத்தில் அதற்கு ஏறக்குறைய 1500 ஆர்பிஎம். இழப்புக்கும் சேர்த்து 2000 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பிரேக் உண்மையிலேயே சட்டென்று பிடிக்க வேண்டும். மோட்டாரின் பிரேக் பின்னை மட்டும் நம்பினால் மெதுவாக நிற்கும், அதற்குள் புவியீர்ப்பு பாதியைத் தின்றுவிடும்.

ஒன்று: எழுந்து நேர்நிலையிலிருந்து ஐந்தாறு டிகிரிக்குள் வந்த பிறகுதான் பேலன்ஸ் கண்ட்ரோலை இயக்க வேண்டும். மோட்டார் 0.05 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் ஆறு டிகிரிக்கு மேல் எந்தக் கெயினாலும் தூக்க முடியாது.

விஷாரம்_ரஃபி:
மேடம், இதுக்கு எல்க்யூஆர் (கெயின்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிற முறை) போடணும்னு சொல்லுவீங்கன்னு எதிர்பார்த்தேன் :)

சத்துவாச்சாரி_டீச்சர்:
போடலாம், கே3யின் குறியை அதுவே பிளஸ் என்று சொல்லியிருக்கும். ஆனால் கதிர் சக்கரத்தின் எடையைக்கூட இன்னும் தராசில் போடவில்லை. போல்ட் எண்ணிக்கையை வைத்துத்தான் 120 என்றார் என்று நினைக்கிறேன். அளக்காத எண்ணைக் கொடுத்தால் எல்க்யூஆரும் அளக்காத பதிலைத்தான் கொடுக்கும். மூன்று கெயின்தானே, கையாலேயே வந்துவிட்டது. கனசதுரத்துக்குப் போகும்போது பேசலாம்.

ராணிப்பேட்டை_டர்னர்:
பிரேக்குன்னு சொன்னதும் எனக்கு வயித்த கலக்குது. 2000ல ஓடற பிளாஸ்டிக் சக்கரத்த சடார்னு புடிச்சா நடுவுல ஹப்பு கிழிஞ்சிடும். லேயர் லேயரா ஒட்டன சாமான் அது. வெய்யில்ல கார்ல வச்சாலே அந்த பிஎல்ஏ பிளாஸ்டிக் வளைஞ்சிடுது.

எம்.எஸ்.ல (மைல்ட் ஸ்டீல்) வளையம் போட்டுடலாம். வெளி விட்டம் 100, உள் விட்டம் 84, கனம் 7 மி.மீ. வெய்ட்டு 127 கிராம் வரும். உன் போல்ட்டு சக்கரத்தவிட கொஞ்சம் ஜாஸ்தி வேலை செய்யும். நடுவுல அலுமினியம் தட்டு, வளையத்தோட ஆறு ஸ்க்ரூ. முழு தட்டா போடாத. அதே வெய்ட்டு நடுவுல குமிஞ்சா ஒண்ணுத்துக்கும் ஆவாது, வளையம் அத்தவிட ஒண்ணரை மடங்குக்கு மேல குடுக்கும்.

காட்பாடி_கதிர்:
அண்ணா, நீங்களே கடைஞ்சு தருவீங்களா? டிராயிங் போட்டு அனுப்பறேன். மோட்டார் ஷாஃப்ட் 4 மி.மீ.

ராணிப்பேட்டை_டர்னர்:
டிராயிங் மட்டும் அனுப்பாத, மோட்டாரையே எடுத்துக்கினு வா. பேப்பர்ல 4ன்னு போட்டிருப்பான், மைக்ரோமீட்டர்ல வச்சா 3.97 வரும். 4க்கு போர் அடிச்சா ஆடும், அப்புறம் பேலன்ஸ் பண்ணதெல்லாம் வீணு. ஷாஃப்ட்ட அளந்துட்டு அதுக்கு ஏத்தமாரி ரீமர் போட்டு, அதே சக்குல கழட்டாம வெளி விட்டமும் ஓட்டிடணும். அப்பதான் சென்டர் ஒண்ணா நிக்கும். செவ்வாய்க்கிழமை எங்க லைன்ல கரண்ட்டு கட்டு. மத்த நாள் பத்து மணிக்கு மேல வா.